மீண்டோர் மனையில் மூண்ட அடுப்பு

வறுமையின் கொடுமையைச் சொல்லப் புகுந்த புறநானூற்றுப் புலவரொருவர் முதலிலே தம் வீட்டு அடுப்பைக் காட்டுகின்றார். சமைத்தலை மறந்துபோன அந்த அடுப்பிலே காளான் பூத்துக் கிடக்கின்றது. பாலின்றி அழுங் குழவியும், அதன் முகத்தை நோக்கிக் கண்ணீர் மல்கும் மனையாளும் அதற்குப் பின்னரே வருகின்றனர். ஒரு குடியின் நிலையை அறிய வேண்டுவார் அதன் அடுப்பைப் பார்த்தாற் போதும் என்பது அப்புலவர் உள்ளம் போலும்.

இக்காட்சியை ஏட்டிலே படித்தும் படிப்பித்தும் வந்த யான், 2010ஆம் ஆண்டிலே வன்னியில் அதனைக் கண்ணாற் கண்டேன். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய மாணவன் ஒருவனின் வீட்டைத் தேடிச் சென்றிருந்தேன். கூரை இல்லை, கதவு இல்லை, சுவரிற் பாதி நின்றது. அடுக்களை இருந்த இடத்திலே அடுப்புமேடை மாத்திரம் எஞ்சியிருந்தது. அதன் வாயிலே எருக்கலை முளைத்திருந்தது. மாணவனின் தாயார் எருக்கலையைப் பிடுங்கி எறிந்தார். மேடை இடிந்து போயிருந்தமையால், முற்றத்திலே மூன்று கல்லை எடுத்து வைத்தார். காய்ச்சுதற்குப் பால் இல்லை. தேநீருக்கு நீர் வைத்தார். புகை எழுந்தது. "இப்பதான் ஐயா, வீட்டுக்கு வந்தமாதிரிக் கிடக்கு" என்றார்.

அந்த மூன்று கல்லைப் பற்றியும், அவற்றினும் நல்லதோர் அடுப்பைப் பற்றியும், அவ்வடுப்பை வனைய வேண்டிய கைகளைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகின்றேன். அகதிகளாய்ப் போய் மீண்டவர்க்கு வீடு வேண்டும், காணி வேண்டும், தொழில் வேண்டும் என்று பேசுவார் பலர். அடுப்பு வேண்டும் என்று பேசுவார் சிலரே.

விறகும் விருந்தும்

விருந்தோம்பலுக்கு ஓரதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். விருந்தினர் ஒரு நாள் இருப்பர். இரு நாள் இருப்பர். ஏதிலியாய் வந்தவன் எத்தனை நாள் இருப்பான்? அவனுக்கே அது தெரியாது. அவனுக்கு இடங்கொடுத்த வீட்டாருக்கும் தெரியாது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் கொட்டும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஆசிரியத் தொழிலிற் புதிதாய்ப் புகுந்திருந்த யானும் அவருள் ஒருவன். சாவகச்சேரிக்கு அப்பால் ஓரூரிலே, தனித்திருந்த ஒரு மூதாட்டியார் தம் வளவைத் திறந்துவிட்டார். எட்டுக் குடும்பங்கள் அவ்வளவிலே தங்கினோம். மாமரத்தின் கீழும் தாழ்வாரத்திலும் எட்டிடத்தில் மும்மூன்று கல், எட்டிடத்திலும் புகை.

மாரிக்கென்று அவர் தாழ்வாரத்திலே விறகு அடுக்கி வைத்திருந்தார். "எடுங்கோ பிள்ளையள்" என்றார். அவர் தனக்கென்று நான்கு மாதத்துக்கு வைத்த விறகை நாங்கள் எட்டு நாளிலே எரித்து முடித்தோம். பின்பு காவோலை, பின்பு பன்னாடை, கொக்கறை, ஊமல். அவையும் தீர்ந்தன. மண்ணெண்ணெய் என்பது அக்காலத்திலே மருந்துபோல் அளந்து விற்கப்பட்ட பொருள். ஓரிரவு, நனைந்த விறகோடு போராடித் தோற்ற யான், வேலியிலிருந்து பட்ட கதியால் ஒன்றைப் பிடுங்கினேன். மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் பிடுங்கியது பட்ட கதியாலன்று.

காலையிலே அம்மூதாட்டியார் வேலியின் பொட்டைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றுஞ் சொல்லவில்லை. ஒரு தென்னோலையை இழுத்து வந்து பொட்டை அடைத்துவிட்டு, "மாடு வரும்" என்று மாத்திரஞ் சொன்னார். அவர் ஏசியிருந்தால் யான் மறந்திருப்பேன்.

இடம்பெயர்ந்தாருக்கும் இடங்கொடுத்தாருக்கும் இடையே மனம் முறியும் இடம் எது என்பதை அன்று அறிந்தேன். சோற்றிலே முறிவதில்லை, சோற்றைப் பகிர்ந்துண்ண நம் மக்கள் அறிவர். விறகிலே முறியும், தண்ணீரிலே முறியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோருக்குப் புத்தளத்து மக்கள் இடங்கொடுத்தனர். அவ்விருப்பு மாதக் கணக்கில் முடியவில்லை, இருபதாண்டு நீண்டது. வந்தோரும் இருந்தோரும் ஒரே கிணற்றையும் ஒரே பற்றைக்காட்டையும் பங்கிட்டனர். தமிழ்நாட்டிலிருந்து 1987க்குப் பின்னும், 1992க்குப் பின்னும், 2009க்குப் பின்னும் மீண்டு வந்தோர் கதையும் இதுவே. மீண்டவன் தன் ஊருக்கே மீண்டாலும், அவ்வூரிலே போகாது இருந்தவன் ஒருவன் இருக்கின்றான். காடு இருவருக்கும் ஒன்றே.

மூன்று கல்லின் யானைத்தீ

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாளுக்கு யானைத்தீ என்றொரு நோய். எத்துணை உண்டாலும் பசி அடங்காது. மூன்று கல்லடுப்புக்கும் அந்நோயே உண்டு. காற்றடிக்கும் முற்றத்திலே மூன்று கல் வைத்து எரித்தால், விறகிலுள்ள வெப்பத்திற் பத்திலொரு பங்களவே பானையைச் சேர்கின்றது. எஞ்சியது காற்றுக்கும் மண்ணுக்கும் சமைப்பவர் முகத்துக்கும் போகின்றது.

காரணம் விளங்காததன்று. விறகு சூடேறும்போது அதிலிருந்து ஆவி எழுகின்றது. அவ்வாவி போதிய சூட்டோடும் காற்றோடும் கலந்தால் சுவாலையாய் எரிகின்றது. கலவாவிடின் புகையாய்ப் போகின்றது. ஆகவே புகை என்பது எரியாது போன விறகே. கண்ணைக் கரிக்கும் புகை, நாம் தலையிற் சுமந்துவந்த விறகின் ஒரு பங்கு.

நல்ல அடுப்பு செய்ய வேண்டியவை மூன்று. தீயைச் சுற்றிச் சுவரிட்டு வெப்பத்தைக் காத்தல் ஒன்று. வாயிலைச் சிறிதாக்கி, வேண்டிய அளவு விறகும் காற்றும் மாத்திரம் புகச்செய்தல் ஒன்று. பானையைத் தழுவி வெப்பம் செல்லுமாறு இடைவெளியை அளந்து வைத்தல் ஒன்று. நம் பாட்டியர் மண்ணாலிட்ட அடுப்பு இவற்றுட் சிலவற்றை அறிந்தே இருந்தது. சோறு கொதிக்கும் அடுப்பின் பக்கத்திலே கொடியடுப்பு வைத்துக் கறிச்சட்டியை ஏற்றிய அறிவு அது.

அவ்வறிவை அளவுக்கு உட்படுத்திய அடுப்பு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1970களின் பிற்பகுதியிலே சர்வோதய இயக்கத்தார், ஐ.டி.டி.ஜி. என்னும் பிரித்தானிய நிறுவனத்தாரோடு சேர்ந்து களிமண் அடுப்பொன்றை ஆக்கினர். 1980களிலே இலங்கை மின்சார சபை அத்துறையை நாடளாவிய வேலைத்திட்டமாக மேற்கொண்டது. அம்முயற்சிகளின் வழியே, ஒரே துண்டாய் இரு பானை ஏற்றக்கூடிய 'அனகி' அடுப்பு உருவாயிற்று. 'அனகி' என்னும் சிங்களச் சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்பது பொருள். அனர்க்கம் என்னும் வடசொல்லை அறிந்த தமிழ் மாணாக்கருக்கு அச்சொல் அயலாய்த் தோன்றாது.

அனகியின் அமைப்பு எளிது. முன்னே தீயறை, அதற்கொரு வாயில், மேலே ஒரு பானைக்கு இடம். தீயறையிலிருந்து ஒரு குறுகிய வழி பின்னே செல்கின்றது. அங்கே இரண்டாம் பானை. முதற்பானை விட்ட வெப்பத்தை இரண்டாம் பானை ஏற்கின்றது. முன்னே சோறு, பின்னே பருப்பு. முறையாகப் பயன்படுத்தினால், மூன்று கல்லடுப்புக்கு வேண்டிய விறகில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிஞ்சும். நான்கு மாதத்து விறகு எட்டு நாளிலே போன வீட்டில், இந்த மூன்றிலொரு பங்கு என்ன செய்திருக்கும் என்று யான் பலமுறை எண்ணியதுண்டு. சில கதியால்களாவது எஞ்சியிருக்கும்.

வனைவோர் கை

இனி, யான் சொல்ல வந்த பொருளுக்கு வருகின்றேன். மீண்டோருக்கு அடுப்புக் கொடுத்தல் நன்று. ஆனால் எங்கிருந்தோ செய்து கொண்டுவந்து கொடுத்தலினும், அவ்வூர்ச் சூளையிலே செய்வித்துக் கொடுத்தல் நன்று. அடுப்பிலே பாதிப் பயன் எரியும்போது உண்டு. மற்றைப் பாதி வனையும்போதே உண்டு.

அனகியை வனைபவர் திகிரியிலே இரு வளையங்களை எழுப்பி, அவற்றை ஒன்றோடொன்று பொருத்துகின்றார். மண் பாதி காய்ந்து, தோல்போல் இறுகிய பதத்திலே, அளவுச் சட்டம் வைத்து வாயிலையும் வழியையும் வெட்டுகின்றார். பின்பு நிழலிலே பொறுமையாக உலர்த்துகின்றார். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும். அதன்பின் சூளை. இத்தனையும் நம் குயவர் பரம்பரையாய் அறிந்த தொழில்; புதிதாய்க் கற்க வேண்டியது அந்த அளவுச் சட்டம் ஒன்றே. ஆயினும் அச்சட்டமே உயிர். வாயில் இரண்டு விரல் அகன்றால் விறகு அதிகம் புகும்; பானைக்கும் சுவருக்கும் இடைவெளி கூடினால் வெப்பம் வெளியே போகும். பார்வைக்கு அனகிபோல் இருக்கும். வேலையிலே மூன்று கல்லாய் இருக்கும். அத்தகைய போலிகள் சந்தையிலே உண்டு. அவற்றை வாங்கி ஏமாந்தவர், நல்ல அடுப்பையும் நம்பமாட்டார்.

வனைபவர் அயலிலே இருந்தால், பிழையை அவரிடம் போய்ச் சொல்லலாம். அடுப்பு வீட்டுக்கு வீடு வேறுபடும். யாழ்ப்பாணத்தார் எரிப்பது பிளந்த விறகு மாத்திரமன்று. பனைமட்டை உண்டு, பொச்சுமட்டை உண்டு, சிரட்டை உண்டு. வன்னியிலே பாலையும் வீரையும் எரித்துப் பழகியவர் உளர். கூழும் களியும் கிண்டும்போது அடுப்பு அசையக்கூடாது. புட்டுக்கு நீர் கொதிக்கும் பானை வேறு. பெருநாட் பானை வேறு. இவற்றையெல்லாம் தலைநகர அலுவலகத்து மேசையிலிருந்து அறிதல் இயலாது. அடுப்பெரிப்பவரும் அடுப்பு வனைபவரும் வேலியோரத்திலே நின்று பேசினால் அறியலாம்.

இன்னொன்று. மீண்டவர் வாங்கும் அடுப்பை, அவ்வூரிலே போகாதிருந்தவர் வனைந்தால், மீண்டவர் வருகை அவருக்குத் தொழிலாய் வருகின்றது. காட்டுக்குப் பங்காளியாய் வந்தவர் சூளைக்கு வாடிக்கையாளர் ஆகின்றார். பகை முளைக்கும் இடத்திலே கொடுக்கல் வாங்கல் முளைக்கின்றது.

பிற நாட்டார் பாடம்

இத்துன்பம் நமக்கு மாத்திரம் உரியதன்று. 1994ஆம் ஆண்டிலே ருவாண்டா நாட்டிலிருந்து பல இலட்சம் பேர் கோமா நகர்ப்புறத்திலே அகதிகளாய்க் குவிந்தனர். அவர்தம் முகாம்களின் அருகே இருந்தது விருங்கா என்னும் காப்புக் காடு. சமையலுக்கு வேறு வழியில்லாத மக்கள் நாள்தோறும் அக்காட்டை வெட்டி எரித்தனர். மரம் வெட்டியவரைக் குறைசொல்ல எவருக்கு உரிமை உண்டு? ஆயினும் காடு அழிந்தது. அயலூரார் நெஞ்சமுங் கசந்தது.

சூடான் நாட்டின் டார்பூரிலே 2003ஆம் ஆண்டு தொடங்கிய போரினால் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். முகாமிலிருந்து பெண்கள் விறகு தேடி மணிக்கணக்காய் நடந்தனர், வழியிலே தாக்கப்பட்டனர். அங்கே ஒரு கட்டு விறகின் விலை ஒரு பெண்ணின் மானமாயும் உயிராயும் இருந்தது. 2005ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்கிலி தேசிய ஆய்வுகூடத்து அஷோக் கட்கில் என்னும் அறிஞரின் குழுவினர் அங்குச் சென்றனர். இந்தியாவிலிருந்து கொண்டுபோன உலோக அடுப்பொன்றை அம்மக்கள்முன் எரித்துக் காட்டினர். பெண்கள் குறைகளை எடுத்துச் சொன்னார்கள். 'அசீடா' என்னும் களியை அவர்கள் வலிந்து கிண்டுவர், அடுப்பு ஆடக்கூடாது. காற்று வீசும் நிலம். தீயைக் காற்று குலைக்கக்கூடாது. அவர்தம் சொற்கேட்டு அடுப்பு மாறிற்று. விறகுச் செலவு மூன்று கல்லடுப்பின் ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. தகடுகள் இந்தியாவிலே வெட்டப்பட்டு, எல் பாசர் நகருக்குத் தட்டையாய் அனுப்பப்பட்டு, அங்குள்ளோர் கையாலே பொருத்தப்பட்டன. அதனால் அவ்வூராருக்குக் கூலியும் கிடைத்தது.

சமைப்பவர் சொற்கேட்டு அடுப்பை அமைத்தது அங்கே போற்றத்தக்கது. பொருத்தும் வேலையை அவ்வூருக்கே விட்டதும் போற்றத்தக்கது. ஆனால் தகடு கடல்கடந்து வரவேண்டியிருந்தது. 2023 ஏப்ரலிலே அந்நாட்டிற் போர் மீண்டும் மூண்டது; 2024ஆம் ஆண்டிலே எல் பாசர் நகரமே முற்றுகைக்குள்ளாயிற்று. வழியடைபட்ட ஊருக்குத் தகடு எவ்வாறு வரும்? நாம் அதனை அறிவோம். 1990களிலே யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயும் சீமெந்தும் இரும்பும் வாராது தடுக்கப்பட்டன. களிமண்ணைத் தடுக்க எவராலும் முடியவில்லை. களிமண் கிடைக்கும் நாட்டார் களிமண்ணையே முதலில் நாடுதல் வேண்டும்.

அடுப்பினாற் கூடாதவை

ஒரு பொருளைப் புகழ்வோன் அதன் எல்லையையுஞ் சொல்லவேண்டும். திருத்திய அடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும், புகையைக் குறைக்கும், ஒழிக்காது. வீட்டினுட் புகையால் 2020ஆம் ஆண்டிலே உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்துணைப் பெரிய கேட்டை மண்ணடுப்பு ஒன்றினாலே தீர்த்துவிடலாம் என்பது மிகையாகும். மலாவி நாட்டிலே 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2016ஆம் ஆண்டின் இறுதியிலே லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. திருத்திய விறகடுப்புப் பெற்ற வீடுகளிலும் குழந்தைகளுக்கு நியுமோனியா குறையக் காணோம் என்பதே அதன் முடிவு. அடுப்போடு புகைக்கூண்டும் வேண்டும், சாளரமும் வேண்டும், உலர்ந்த விறகும் வேண்டும், எரிவாயு வாங்க வல்லவர் எரிவாயுவுக்கு மாறுதலும் வேண்டும்.

எரிவாயு வந்துவிட்டால் மண்ணடுப்பு எதற்கு என்பார் உளர். 2022ஆம் ஆண்டை அவர் நினைவுகூர்க. எரிவாயுக் கொள்கலத்துக்காக நாடெங்கும் மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்றனர். மாடி வீட்டாரும் விறகு தேடினர். அவ்வாண்டிலேதான், முன்னர் மீண்டுவந்த நாட்டைவிட்டு மன்னார்க் கரையிலிருந்து சிலர் மறுபடியும் தனுஷ்கோடிக்குப் படகேறினர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு வீடுகளுள் ஐந்துக்கு ஏறத்தாழ நான்கு விறகையே நம்பியிருந்தன. விறகு எரியும் வரையில், அது நன்றாய் எரிய வேண்டும்.

நம்மால் இயல்வது

தமிழ்நாட்டு முகாம்களிலே 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். அவருள் மீள விரும்புவோர் மீண்டுவரும்போது, அவர் கையிற் கொடுக்கும் பொருள்களுள் அடுப்பும் ஒன்றாகுக. கொடுப்போர் அதனை அவ்வூருக்கு அண்மையிலுள்ள சூளையிலே செய்விக்குக. மீண்டவருக்கு ஓரடுப்புக் கொடுத்தால், இருந்தவருக்கும் ஓரடுப்புக் கொடுக்குக. ஒருவருக்குக் கொடுத்து மற்றவரைப் பார்த்திருக்கச் செய்தல், வேலியிலே பொட்டு வைத்தலை ஒக்கும்.

ஆசிரியருக்கும் இதிலே பங்குண்டு. ஒரு வாரத்துக்கு வேண்டிய விறகை மூன்று கல்லடுப்புக்கும் மண்ணடுப்புக்கும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க மாணாக்கரை ஏவலாம். தராசு ஒன்று போதும். விஞ்ஞானமும் கணிதமும் அடுக்களையிலே நடக்கட்டும். அடுப்பு, அடிசில், அடுக்களை என்னும் சொற்களின் பின்னே நிற்கும் 'அடு' என்னும் வினையைத் தமிழாசிரியர் விளக்கும்போது, அவ்வினையைச் செய்வோர் கண்ணிலே ஏறும் புகையையுஞ் சேர்த்து விளக்கட்டும்.

தென்மராட்சி மூதாட்டியாரிடம் யான் பட்ட கடன் நெடுங்காலம் தீராது கிடந்தது. போர் ஓய்ந்து சில ஆண்டு கழிந்தபின், கடையிலே ஓர் அனகி அடுப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். தொண்ணூறை அணுகியிருந்தார். கண் மங்கியிருந்தது. வேலியிலே பூவரசங் கதியால்கள் தழைத்து நின்றன. அடுப்பை அவர் மடியருகே வைத்தேன். வாயிலைத் தடவினார், பின்வழியிலே விரலை விட்டுப் பார்த்தார், விளிம்பைச் சுண்டி ஓசை கேட்டார்.

"நல்லாச் சுட்டிருக்கு. ஆர் தம்பி வனைஞ்சது?"

"தெரியாதம்மா. கடையிலை வாங்கினது. தூர இடத்திலையிருந்து லொறியிலை வந்ததாம்."

அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு தெற்குத் திசையைக் கைகாட்டி, "உந்த ஒழுங்கை முடிவிலைதானே சூளை இருந்தது. அந்தப் பொடியள் இப்ப எங்கை?" என்று கேட்டார்.

யான் திரும்பும்போது அவ்வொழுங்கையின் முடிவுவரை நடந்து சென்றேன். சூளை இருந்த மேட்டிலே எருக்கலை முளைத்திருந்தது.